'சிந்தனையாளர்' அன்று, 'சிந்திப்பவன்'

பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் புகழ்பெற்ற வெண்கலச் சிலையின் படத்துக்கு அடியில் 'சிந்தனையாளர்' என்று அச்சாகியிருந்ததை ஒரு மாத இதழில் சென்ற வாரம் மறுபடியும் கண்டேன். பிரெஞ்சில் அதன் பெயர் 'லு பான்ஸேர்'. நினைத்தலைக் குறிக்கும் வினையோடு, அதைச் செய்பவரைக் காட்டும் விகுதி சேர்ந்த சொல் அது. அதன் இலத்தீன் வேர் தொங்கவிடுதலையும் எடை நிறுத்தலையும் குறித்தது. தமிழில் 'தூக்கு' என்ற ஒரே சொல் அவ்விரண்டோடு ஆராய்தலையும் குறிக்கும். குறளின் 'தூக்கிச் செயல்' அதற்குச் சான்று. ஆனால் சிலைக்குத் 'தூக்குவோன்' என்று பெயரிட்டால் மூட்டை சுமப்பவன் என்றே படிப்பார்கள் என்பதால் அந்த ஆசையை விட்டுவிடுகிறேன்.

'சிந்தனையாளர்' என்பது எழுத்தாளர், பேச்சாளர் போல நாட்டில் பெயர்பெற்றவருக்கு நாம் சூட்டும் பட்டம். மார்க்சியச் சிந்தனையாளர் என்றதும் மூக்குக்கண்ணாடியும் புத்தக அலமாரியும் கண்முன் வந்துவிடுகின்றன. பிரெஞ்சுச் சொல்லும் அறிஞரைக் குறிக்குமே என்று கேட்கலாம். குறிக்கும், ஆனால் சிலை அதற்கு இடம் தரவில்லை. 1880-இல் பணிக்கப்பட்ட 'நரகவாசல்' என்னும் சிற்ப வாயிலில், கதவுநிலைக்கு மேலே, இத்தாலியக் கவிஞர் தாந்தேயை மனத்தில் கொண்டு அமர்த்தப்பட்ட, ஏறத்தாழ 70 செ.மீ. உயரமுள்ள இவ்வுருவம் முதலில் 'கவிஞன்' என்றே அழைக்கப்பட்டது. பின்னர் பெரிதாக்கப்பட்டு, 1906-இல் பாரிஸின் பாந்தியோன் நினைவு மண்டபத்தின் முன்பு நிறுவப்பட்டது. உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. வலது முழங்கை இடது தொடையில் ஊன்றியிருக்கிறது. நாற்காலியில் அப்படி அமர்ந்து பார்த்தால் முதுகு எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பது விளங்கும். கால்விரல்களோ பாறையைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. உடம்பு முழுவதும் பாடுபட்டு நடக்கும் அவ்வினைக்கு 'ஆளர்' என்ற மரியாதை எதற்கு?

இன்னொருவர் 'சிந்தனைச் சிற்பி' என்று எழுதியிருந்தார். அது சிங்காரவேலரின் அடைமொழி. தவிர, செதுக்கப்பட்டவனே சிற்பியாகிவிடுகிறான். தனித்தமிழ் அன்பர்கள் 'எண்ணுவோன்' என்பார்கள். எனக்கும் அதில் விருப்பமுண்டு, ஆனால் காசு எண்ணுபவனும் அவனே. வடசொல் வேராயினும் தெளிவு கருதிச் 'சிந்திப்பவன்' என்பதையே கொள்கிறேன்.

அதே இதழ் 'நரகவாசல்' என்பதையும் 'நரகத்தின் கதவுகள்' என்று எழுதியிருந்தது. பிரெஞ்சில் அது ஒருமை. பன்மை ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. சொர்க்கவாசல் என்று ஆண்டுதோறும் சொல்லும் வாய்க்கு நரகவாசல் ஏன் வரவில்லையோ தெரியவில்லை.