இரும்புச் சட்டையைக் கழற்றிய பிறகு தோளில் நடப்பது என்ன?

வரலாற்று உடை விழாவில் மசாஜ் கூடாரத்தின் முன் கூட்டம் நிற்பதில் ஆச்சரியமே இல்லை. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை ஒன்று 10 கிலோவைச் சுலபமாகத் தொட்டுவிடும். முழுத் தகட்டுக் கவசம் என்றால் பொதுவாக 15 முதல் 25 கிலோ. கவசத்தின் நகலை அணிந்து ட்ரெட்மில்லில் நடந்தவர்களை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியானது. கவசமில்லாமல் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் அவர்களுக்குச் செலவானதாம்.

ஆனால் தோள் வலிக்கு எடை மட்டும் காரணமல்ல. நடக்கும்போது கால் தசை இறுகுகிறது, தளர்கிறது. தளரும் ஒவ்வொரு முறையும் புது ரத்தம் பாய்கிறது. கழுத்திலிருந்து தோள்பட்டைக்கு விரியும் ட்ரெப்பீசியஸ் தசைக்கு அந்த ஓய்வே கிடையாது. சுமை இருக்கும்வரை இறுகியே கிடந்து, தன் ரத்தக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. கழிவுகள் தேங்கி வலி நரம்புகளைச் சீண்டுகின்றன. இடுப்பையும் விலாவையும் இறுக்கிக் கட்டும் கார்செட் என்ற உடையைப் போட்டவர்களுக்கு வேறு தொல்லை. உதரவிதானம் முழுதாக இறங்க முடியாததால் கழுத்துத் தசைகள் மூச்சுக்குத் துணை போகின்றன, கழுத்து பிடித்துக்கொள்கிறது.

சரி, மசாஜ் என்ன செய்கிறது? லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்று பலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். உழைப்பு நின்றால் சுமார் ஒரு மணி நேரத்தில் உடம்பே அதைத் தீர்த்துவிடும்.

பெரிய வேலை நடப்பது நரம்புகளில்தான். தொடுதலையும் அழுத்தத்தையும் சொல்லும் தடித்த நரம்பிழைகளில் சேதி நொடிக்குப் பல பத்து மீட்டர் ஓடும். மந்தமான வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். தொடுதல் சேதி தண்டுவடத்தில் வலிச் சேதிக்குக் கதவடைக்கிறது என்று 1965இல் வலி ஆராய்ச்சியாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் விளக்கினார்கள். முட்டியை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்ப்பது இதனால்தான். அவர்கள் வரைந்த நரம்புப் படம் பின்னால் திருத்தப்பட்டது; அடிப்படை நிற்கிறது.

சுகத்துக்கென்றே இன்னொரு வகை இழையும் உண்டு: முடியுள்ள தோலில் இருக்கும் சி-டாக்டைல். நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில், தோலின் வெப்பமுள்ள கை மெல்லத் தடவினால் இது நன்றாக விழித்துக்கொள்ளும். சேதி மூளையின் இன்சுலா பகுதிக்குப் போகும். கழுத்தடியிலிருந்து தோள் முனைக்கு 15 செ.மீ. என்று வைத்தால், கை அதைக் கடக்க ஐந்து நொடி எடுப்பது நல்ல வேகம். கூட்டத்தைக் கண்டு அவசரப்படும் கை தசையை அழுத்தலாம். இந்தச் சுகத்தைத் தராது.

இந்த நிவாரணம் தற்காலிகம்தான். சட்டையைத் திரும்ப மாட்டினால் சுமையும் திரும்பும். அப்போது இடுப்பு வாரை இறுக்கிக் கட்டி, வளையச் சட்டையை அதற்கு மேல் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். எடையில் ஒரு பங்கு இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும்.