பேசி முடிப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள்: விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டப்படி வர வேண்டிய இழப்பீடு

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, பல்லடம் விசைத்தறிக் கூடத்திலோ, நாமக்கல் லாரியிலோ வேலை பார்த்த ஒருவர் விபத்தில் இறந்துபோனால், காரியம் முடிவதற்குள்ளேயே வீட்டுக்கு ஆள் வந்துவிடும். கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவரும் வருவார். "கேசுன்னு போனா வருசக்கணக்குல இழுத்தடிப்பாங்க, வர்றத வாங்கிட்டுப் பேசி முடிச்சுக்கலாங்க" என்பார்கள். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ கையில் கொடுத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து கேட்பார்கள். அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் அந்த நேரத்தில் கையெழுத்து வாங்குவது பெரிய அநியாயம். அந்தத் தொகை சட்டப்படி வர வேண்டியதில் எத்தனையில் ஒரு பங்கு என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

சாலை விபத்தில் இறந்தவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். இதற்கென மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. கோர்ட்டு வட்டாரத்தில் இந்த மனுவை எம்.சி.ஓ.பி. என்பார்கள். தொகையை நீதிபதி தன் மனம் போல முடிவு செய்வதில்லை. உச்ச நீதிமன்றம் 2009-இல் சர்ளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் கணக்கு முறையை வகுத்துக் கொடுத்துவிட்டது.

உதாரணத்துக்கு, மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்த 34 வயது டெய்லர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பி இருந்தவர்கள். எதிரே வந்த வேன் ஓட்டியவரின் தவறால் இறந்துவிட்டார். ஆண்டு வருமானம் 2,16,000. அவர் இருந்திருந்தால் சம்பளம் ஏறியிருக்கும் அல்லவா? அதற்காக 40 சதவீதம் கூட்டினால் 3,02,400. அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கைக் கழித்தால் 2,26,800. 31 முதல் 35 வயது வரை இறந்தவர்களுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 36,28,800 ரூபாய். இதோடு கணவரை, அப்பாவை, மகனை இழந்ததற்காக நான்கு பேருக்கும் தலா 40,000, ஈமச்செலவுக்கு 15,000, சொத்து இழப்புக்கு 15,000 என்று 2017-இல் நிர்ணயித்த தொகைகள் சேரும். இவை மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும். மொத்தம் 38 லட்சத்தைத் தாண்டிவிடும். மனு போட்ட நாளிலிருந்து வட்டி தனி.

மூன்று லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆளுக்கு ஆள் எண்கள் மாறும். கல்யாணம் ஆகாத பையன் இறந்தால் சொந்தச் செலவுக்குப் பாதியைக் கழிப்பார்கள். ஆனால் பெருக்கும் எண்ணைப் பையனின் வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பெற்றோரின் வயதை வைத்து அல்ல. நிரந்தர வேலையில் இருந்த 40 வயதுக்குட்பட்டவருக்கு 40-க்குப் பதில் 50 சதவீதம் கூட்டுவார்கள். வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் இறந்தால் "அவருக்குத்தான் சம்பளமே இல்லையே" என்று சொல்ல முடியாது. வீட்டு வேலைக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எல்.ஐ.சி. பணம் வந்தால் இழப்பீட்டில் பிடித்துக்கொள்வார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். பிடிக்க மாட்டார்கள்.

காலக்கெடுவில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். விபத்து எங்கே நடந்திருந்தாலும் குடும்பம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். கிருஷ்ணகிரி பக்கம் இறந்தவருக்காகத் தாராபுரத்துக் குடும்பம் அங்கே அலைய வேண்டியதில்லை.

எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இவையெல்லாம் எல்லோரும் கேட்டு வாங்கிவிடுவார்கள். கோட்டை விடுவது வயதிலும் வருமானத்திலும்தான். ஆதாரில் உள்ள பிறந்த தேதி வயதுக்கு ஆதாரமாகாது, பள்ளிச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16, 36 ஆகிவிட்டால் 15. ஒரு வயது வித்தியாசத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விடும். ஆகவே பழைய டி.சி.யைத் தேடி எடுங்கள். வாரக் கூலி ரொக்கமாக வாங்கியவராக இருந்தால் பேங்க் பாஸ்புக், பி.எஃப். விவரம், கூட வேலை பார்த்தவரின் சாட்சியம் என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது வேலையில் ஏற்படும் சாவு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இங்கே யார் தவறு என்ற கேள்வியே இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக இறந்தார் என்றால் போதும். மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்குவார்கள். 2020 ஜனவரி அறிவிப்பின்படி சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வருவது அதிகபட்சம் 15,000. அதே 34 வயதுக்காரருக்குக் காரணி 199.40, 7,500-ஐ அதால் பெருக்கினால் 14,95,500 ரூபாய். கெடு இரண்டு ஆண்டுகள்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. சாவுக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள ஆணையரிடம் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தால் இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தமும் செல்லாது. அப்படியானால், ஊர்ப் பெரியவர் முன்னிலையில் ஏற்கெனவே கையெழுத்து போட்டுவிட்ட குடும்பமும் இரண்டு ஆண்டுக்குள் ஆணையரிடம் போகலாம். முன்பணமாகக் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரை மட்டுமே கழித்துக்கொள்ள முடியும். ஒரு மாதத்துக்குள் கட்டாத முதலாளி 12 சதவீத வட்டி கட்ட வேண்டும். தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு இழப்பீட்டில் பாதி அளவு வரை அபராதமும் விழலாம். திருப்பூரில் வேலை பார்த்த ஒடிசா, பீகார்த் தொழிலாளியின் குடும்பம் தன் சொந்த ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பக்கத்து அறைக்காரர்கள் இதை அவர்களுக்குச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர் என்றால் வழி வேறு. அங்கே மொத்தமாகப் பணம் கிடைக்காது. சம்பளத்தில் 90 சதவீதக் கணக்கில் மாதாமாதம் குடும்பத்துக்கு வரும்; மனைவிக்கு ஆயுள் முழுவதும், மறுமணம் செய்யும்வரை. அதை வாங்கும் குடும்பம் முதலாளியிடம் தொழிலாளர் இழப்பீடு கேட்க முடியாது.

சங்ககிரி, நாமக்கல் லாரி டிரைவர்கள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர்கள் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வண்டியோடு போனவர் சாலையில் இறந்தால் மேலே சொன்ன இரண்டு சட்டங்களும் பொருந்தும். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதிர்வண்டியின் தவறு என்று காட்ட முடிந்தால் தீர்ப்பாயத்தில் தொகை வெகுவாகக் கூடும். டிரைவர் தூக்கக் கலக்கத்தில் தானே பாலத்தில் மோதி இறந்திருந்தால் 166-ஆம் பிரிவில் எதுவும் நிற்காது. அங்கே தொழிலாளர் இழப்பீடுதான் வழி. கிளீனருக்கும் இது உண்டு. வெளிமாநிலத்தில் நடந்த விபத்து என்றால் அங்குள்ள போலீஸ் யார் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதைப் பார்க்காமல் அவசரத்தில் தவறான இடத்தில் மனு போட்டுவிட்டால் நாலைந்து வருடம் வீணாகும்.

சாக்கடையிலோ மலக்குழியிலோ இறக்கிவிடப்பட்டு மூச்சுத் திணறி இறந்தவர்களுக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்பது 2023 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 10 லட்சம் என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியவில்லை என்றால் அரசுத் திட்டத்தில் 2 லட்சம் உண்டு. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தவறை நிரூபிக்காமல் 5 லட்சம் கேட்கும் 164-ஆம் பிரிவும் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பிரிவில் கொடுப்பதை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் 166-ஆம் பிரிவில் போட்ட பெரிய மனு காலாவதியாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்குபவர்கள் நிறைய. ஜி.எச். பிணவறை வாசலிலேயே "நாங்க பார்த்துக்கறோம், வர்றதுல இத்தனை பர்சென்ட் குடுத்துடுங்க" என்று பேசுபவர்களிடம் போகாதீர்கள். வருகிற தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100.

இழப்பீட்டில் சின்னப் பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை பேங்கில் வைப்பாக இருக்கும். கோர்ட்டு அனுமதி இல்லாமல் அதை யாரும் எடுக்க முடியாது. லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால் சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே முடிவானால் மேல்முறையீடு கிடையாது. ஆகவே மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். தீர்ப்பாயம் கொடுத்தது குறைவாகப் பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களுக்குச் சென்னை. கரூருக்கு மட்டும் மதுரைக் கிளை. தீர்ப்பு வந்தும் பணம் கட்டாமல் இழுத்தால் நிறைவேற்று மனு போடுங்கள். பஸ் ஸ்டாண்டில் அரசுப் பேருந்தையே ஜப்தி செய்யும் செய்திகள் பேப்பரில் வருகின்றனவே, அதெல்லாம் இந்த மனுவில் நடப்பதுதான்.