ரெட் ஹெர்ரிங் – பொய்த்தடம்

துப்பறியும் கதையில் வாசகரின் சந்தேகத்தைத் தவறான ஆள் மீதோ பொருள் மீதோ திருப்பிவிடும் குறிப்புதான் ரெட் ஹெர்ரிங். பேக்கரிக்காரரோ கேட்டரிங் நடத்துபவரோ போலீஸை முந்திக்கொண்டு கொலையாளியைக் கண்டுபிடிக்கும் ‘கலினரி கோசி’ கதைகளுக்கு இது முதுகெலும்பு. ரத்தமும் துரத்தலும் இல்லாத கதையில் சந்தேகத்தை விட்டால் வேறு விறுவிறுப்பு ஏது?

பெயர் வந்தது மீன் கடையிலிருந்து. ஹெர்ரிங் வட அட்லாண்டிக் மீன். நம் மத்திக்குத் தூரத்துச் சொந்தம். முதுகில் பிளந்து, குடல் நீக்கி, லேசாக உப்பிட்டுப் புகைபோட்டால் கிப்பர். குடலோடு முழுசாக, குறைந்த உப்பில் கொஞ்சமாகப் புகைபோட்டால் புளோட்டர். முழு மீனைக் கடும் உப்பில் ஊறவைத்து, வாரக்கணக்கில் புகைபோட்டு, செம்பழுப்பாக விறைக்கவைத்தால் ரெட் ஹெர்ரிங். இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் துறைமுகம் இதற்குப் பேர்போனது. கப்பலேறினாலும் கெடாது; வாடையும் லேசில் போகாது.

வேட்டைநாய்களைப் பழக்க, மோப்பத்தடத்தின் குறுக்கே இந்த மீனை இழுத்தார்கள் என்று பலரும் எழுதுவதற்கு ஆதாரம் பலவீனம். 1685-இல் வந்த ஒரு வேட்டைக் குறிப்பு, செத்த பூனையையோ நரியையோ, அவை இல்லாவிட்டால் ரெட் ஹெர்ரிங்கையோ மூன்று நான்கு மைல் இழுத்துப் போகச் சொல்கிறது. அது நாய்களின் பின்னால் ஓடுவதற்குக் குதிரைகளைப் பழக்க. இன்றைய பொருளைப் பரப்பியவர் பத்திரிகையாளர் வில்லியம் காபெட். சிறுவயதில் முயலைத் துரத்திய நாய்களை இந்த மீனால் திசைமாற்றியதாக 1807 பிப்ரவரியில் ஒரு கதை சொல்லி, நெப்போலியன் தோற்றதாக வந்த பொய்ச்செய்தியை நம்பிய பத்திரிகைகளைக் கிண்டலடித்தார்.

சமையலறைக் கதையில் இது எப்படி வேலை செய்யும்? பேக்கரியில் ஒருவர் செத்துக் கிடக்கிறார்; அறை முழுக்கக் கசப்புப் பாதாம் வாசனை. அது சயனைடு விஷத்தின் வாசனை என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார். ஆனால் பாதாம் பொடியும் சர்க்கரையும் பிசைந்து மார்சிபான் இனிப்பு செய்யும் இடத்தில் பாதாம் எசென்ஸ் வாசனை இயல்பு. அதே பாராவில், மேசையில் சரிந்து கிடக்கும் ரொட்டி மாவை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட வேண்டும். 27 டிகிரி வெப்பத்தில் ஈஸ்ட் மாவு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். விரலால் அழுத்தினால் பள்ளம் மெல்ல மேலெழும்ப வேண்டும். எழாமல், புளித்த வாடையோடு அமுங்கிப்போனால் பிசைந்து வெகுநேரம் ஆகிவிட்டது. ‘ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் பிசைந்தேன்’ என்ற உதவியாளரின் பேச்சு அங்கே உடைகிறது. போலீஸ்காரர் கண்ணில் படாதது ரொட்டி சுடுபவர் கண்ணில் படும். அமெச்சூர் துப்பறிவாளரை நாம் நம்புவதும் அதனால்தான்.

இது சொதப்புவது பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில். பாதாம் வாசனை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் கதையை முடித்தால், ஏமாற்றப்பட்டதாக வாசகர் கோபப்படுவார். ஒரே கதையில் நான்கைந்து வைத்தால் எதையுமே நம்பமாட்டார்.

தமிழில் சிலர் ‘சிவப்பு ஹெர்ரிங்’ என்று அப்படியே போடுகிறார்கள். படிப்பவருக்கு மீன் மட்டும்தான் தெரியும். ‘செங்கருவாடு’ கேட்க ருசி, ஆனால் கருவாடு பொதுவாக வெயிலில் காய்வது. அவித்துப் புகைபோட்டுக் காயவைக்கும் மாசிக்கருவாடுதான் இந்த மீனுக்குக் கொஞ்சம் கிட்டே வரும். ‘போலித் துப்பு’ நல்ல சொல், ஆனால் கொலையாளியே தயாரித்து வைத்த பொய்த் தடயம் என்ற பொருளும் அதில் ஏறிவிடுகிறது. ரெட் ஹெர்ரிங்கை வாசகருக்காக வைப்பவர் எழுத்தாளர். கதைக்குள் யாருமே பொய் சொல்லாமல்கூட அது அமையலாம். ஆகவே கதைகளுக்குப் ‘பொய்த்தடம்’ என்பதே பொருந்தும். மோப்பம் பிடித்துப் போகும் வேட்டையின் சாயலும் அதில் தங்குகிறது. விவாதத்தில் கேட்ட கேள்வியை விட்டு வேறொன்றை இழுத்துப் போடுவதையும் ஆங்கிலத்தில் இதே பெயரால் சொல்வார்கள். அங்கே ‘திசைதிருப்பல்’ போதும்.

எடுத்துக்காட்டு: ‘பாதாம் வாசனை வெறும் பொய்த்தடம்; உதவியாளரைக் காட்டிக்கொடுத்தது மாவு.’