சிகிச்சைக்குப் பிந்தைய நாட்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் கால்நடை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, அடிபட்ட தெரு விலங்குகளைப் பற்றி வரும் தொலைபேசி அழைப்புகளில் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "டாக்டர் சார், எங்கே கொண்டு வரட்டும்?" நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: "வைத்தியம் பார்த்த பிறகு இதை எத்தனை நாள், யார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும்?" உதவ வந்தவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று சிலர் வருந்துவதுண்டு. ஆனால், தெருவில் வாழும் ஒரு விலங்கு பிழைப்பதும் பிழைக்காமற் போவதும், என் மேசையில் அது கிடக்கும் அரை மணி நேரத்தைவிட, அதற்குப் பின்வரும் நாட்களைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது என்பதால், அந்தக் கேள்வியை நான் விடுவதில்லை.

வாகனத்தில் அடிபட்டு இடுப்பெலும்பு முறிந்த நாயை எடுத்துக்கொள்வோம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே இரவில் வேகமாகச் செல்லும் சுற்றுலா வண்டிகளால் இவ்வகைக் காயம் இங்கே சாதாரணமாகிவிட்டது. இடுப்பெலும்பு முறிவுகளில் கணிசமானவை அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே கூடிவிடும். அதற்குத் தேவையானது, நாய் ஓடவோ தாவவோ முடியாத ஒரு சிறிய அடைப்பில், தடித்த சாக்கு விரிப்பின் மேல், நான்கு முதல் ஆறு வாரம் வரை ஓய்வு. ஒரே பக்கமாகக் கிடந்து புண் வராதபடி புரட்டிவிட வேண்டும். சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்று தினமும் கவனிக்க வேண்டும். வலி ஊசி போட்டு மறுநாளே பழைய சாலையோரத்தில் இறக்கிவிடப்பட்ட நாய், தப்பி ஓட முடியாத நிலையில் மீண்டும் அடிபடுகிறது.

புழுப்புண்ணும் அப்படித்தான். மீன் இறங்குதளங்களிலும் கருவாட்டுத் தளங்களிலும் ஈக்கள் மிகுந்திருப்பதால், சிறு கீறல்கூட இங்கே விரைவில் புழு வைத்துவிடுகிறது. ஈ முட்டையிட்ட ஒரே நாளில் புழு வெளிவந்து சதையைக் குடையத் தொடங்கும். ஒரு முறை புழுக்களை எடுத்து மருந்திட்டால் போதாது, ஒரு வாரமாவது நாள்தோறும் புண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் ஆகியவற்றை ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அவை புழுவோடு நல்ல சதையையும் எரித்துவிடுகின்றன; பினாயில் பூசிய உடம்பை நக்கும் பூனைக்கு அது நஞ்சாகிவிடுகிறது. உப்பு கலந்து கொதிக்கவைத்து ஆறிய நீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுவதே பாதுகாப்பானது.

தெருநாய்களிடம் இணைசேர்க்கையால் பரவும் ஒரு புற்றுக்கட்டி உண்டு. பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலப் புடைத்து இரத்தம் ஒழுகும் அதைப் பார்ப்பவர்கள், நாய் இனிப் பிழைக்காது என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில், எனக்குத் தெரிந்த புற்றுகளிலேயே நன்றாகக் குணமாகக்கூடியவற்றுள் இதுவும் ஒன்று. வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒரு முறை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினால், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் கட்டி கரைந்துவிடுகிறது. இதில் தடையாக இருப்பது ஒவ்வொரு வாரமும் அதே நாயைப் பிடித்துக் கொண்டுவருவதுதான். மண்டபம் பக்கம் கருவாடு காயப்போடும் அம்மா ஒருவர், நாள் தவறாமல் ஒரே நேரத்தில் சோறு வைத்துப் பழக்கி, கயிற்றைக் கழுத்தில் மாட்டவும் சம்மதிக்கச் செய்து, இந்தச் சிகிச்சையை முழுவதுமாக முடித்துக் கொடுத்தார். அந்த நாய் குணமடைந்ததில் என் பங்கைவிட அவர் பங்கே பெரிது என்பதை நான் மனமாரச் சொல்வேன்.

காயம்பட்ட விலங்கை நெருங்கும்போது முதலில் காக்க வேண்டியது உங்களைத்தான். வலியில் இருக்கும் நாய், தினமும் சோறு வைப்பவரையும் கடிக்கும். தடித்த துண்டையோ சாக்கையோ தலைமேல் போர்த்தி, மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லாத பட்சத்தில் வாயைத் துணிப்பட்டையால் தளரக் கட்டி, முதுகெலும்பு வளையாதபடி பலகையிலோ விறைப்பாக இழுத்துப் பிடித்த சாக்கிலோ தூக்க வேண்டும். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். மயங்கிக் கிடக்கும் விலங்கின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும்.

இந்தக் கரையில் வாழ்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாயை மூட முடியாமல், எச்சில் ஒழுக, விழுங்கத் திணறியபடி ஒரு நாய் நின்றால், மீன் முள் தொண்டையில் குத்திவிட்டது என்று எண்ணி, வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மீன் கழிவைத் தின்று வளரும் நாய்களிடையே அப்படி எண்ணுவது இயல்புதான். முள் குத்திய நாய்களும் வரத்தான் செய்கின்றன. ஆனால் வெறிநோயின் (ரேபிஸ்) ஒரு வகையில், ஆக்ரோஷம் ஏதுமின்றி, தாடைத் தசைகள் செயலிழந்து நாய் இதே தோற்றத்தில்தான் நிற்கும். மாடு, ஆடு ஆகியவற்றுக்கும் வெறிநோய் இப்படி வருவதுண்டு. எனவே அத்தகைய விலங்கின் வாயில் எக்காரணம் கொண்டும் கை வைக்காதீர்கள். அதைத் தனிமைப்படுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். கடிபட்டாலோ, எச்சில் புண்ணில் பட்டாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். குறித்த நாட்களில் மீதி ஊசிகளையும் தவறவிடாதீர்கள். அறிகுறி தோன்றிய பிறகு வெறிநோய்க்கு மருந்தில்லை.

மனிதருக்கான மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு என்னை அழைப்பவர்களும் உண்டு. பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறித்துவிடலாம். ஐபுபுரூஃபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். குட்டிகளைக் கண்டவுடன் அனாதை என்று கருதித் தூக்கிவருவதும் தவறு. தாய் இரைதேடப் போயிருக்கக்கூடும் என்பதால், சில மணி நேரம் தள்ளியிருந்து பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

எல்லா உயிரையும் காப்பாற்ற முடியாது என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். முதுகுத்தண்டு முற்றிலும் அறுந்து, பின்னங்கால் விரலை எலும்புவரை அழுத்தினாலும் உணர்வற்றிருக்கும் நாயைத் தெருவில் இழுத்துக்கொண்டு வாழவிடுவது கருணை ஆகாது. அர்ப்பணிப்போடு வாழ்நாள் முழுதும் பார்த்துக்கொள்ள ஒரு வீடு கிடைத்தால் வேறு. இல்லையெனில், இரத்தக் குழாய் வழியே மயக்க மருந்து செலுத்தி வலியின்றி விடைகொடுப்பதை நான் பரிந்துரைக்கத் தயங்குவதில்லை. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், குணப்படுத்தவியலாத நோயோ உயிர்போகும் காயமோ கொண்ட நாய்களுக்கு மட்டும் இதை அனுமதிக்கின்றன. முடிவு மருத்துவ ஆய்வின் அடிப்படையில் இருக்க வேண்டுமே தவிர, தெருவாசிகளின் தொல்லை தீர்வதற்காக அல்ல.

தெருவாசிகளின் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. கடிபட்ட குழந்தையின் தாய் என்னிடம் கோபத்தோடு பேசும்போது அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் விஷம் வைப்பது தீர்வன்று. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படியும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படியும் அது குற்றம். குற்றம் என்பதற்கு அப்பால், அது பயனும் தராது. நாய்கள் அகற்றப்பட்ட தெருவில் குப்பையும் மீன் கழிவும் அப்படியே இருக்க, தடுப்பூசி போடாத புதிய நாய்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டு, அந்த அளவை ஆண்டுதோறும் காத்துவந்தால் வெறிநோய்ப் பரவல் அறுபடும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. அதனால்தான் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காதில் அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கிறது விதி. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், வெறிநோய் கண்டவை, ஆக்ரோஷமானவை நீங்கலாக, இதையே உறுதிசெய்தது; பின்னர் நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கப்படும் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என்றும் ஆணையிட்டது.

கடல் உயிரினங்களைப் பொறுத்தவரை நான் கேட்டுக்கொள்வது நேர்மாறானது: எதையும் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ எடுத்துச் செல்லாதீர்கள், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986 முதல் நம் வாசலில் இருக்கிறது. ஆமை, ஆவுளியா என நம் மீனவர்கள் அழைக்கும் கடற்பசு, ஓங்கில் (டால்பின்) ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வலையில் நெடுநேரம் மூழ்கிய ஆமை செத்ததுபோல் கிடக்கும்; அதை உடனே கடலில் தள்ளினால் மூழ்கிவிடும். குப்புற வைத்து, பின்பகுதியைச் சற்று உயர்த்தி, நிழலில், மூக்கை விட்டுவிட்டு ஈரத்துணி போர்த்தி வைத்தால், சில மணி நேரத்தில், சில வேளை ஒரு நாள் கழித்துக்கூட, மூச்சு திரும்பும். மல்லாத்துவதும் துடுப்பைப் பிடித்து இழுப்பதும் கூடாது. வாயிலிருந்து தங்கூசி நரம்பு, அதாவது மீன்பிடி நைலான் இழை, தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலுக்குள் இருக்கக்கூடும்.

கரையொதுங்கிய ஓங்கிலுக்கும் திமிங்கலத்துக்கும் இதே நிதானம் தேவை. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, மீனவர்கள் இரவு பகலாகக் கடலுக்குள் தள்ளியும் பல மீண்டும் கரைக்கே வந்தன. வனத்துறையினர் வரும்வரை, தலைமேல் உள்ள மூச்சுத் துளையில் மணலோ தண்ணீரோ போகாமல் பார்த்துக்கொண்டு, உடலை நனைத்து, கூட்டத்தை விலக்கி நிறுத்துவதே நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. தனுஷ்கோடியில் வந்திறங்கும் பூநாரை போன்ற பறவைகள் தங்கூசி நரம்பில் சிக்கினால், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்துத் தகவல் சொல்லுங்கள். அலகில் நீர் ஊற்றாதீர்கள்.

தொண்டு அமைப்புகளைப் பற்றி ஒரு தவறான எதிர்பார்ப்பு நிலவுகிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் உருவானது. சென்னையின் புளூ கிராஸ் 1959-இல் தொடங்கப்பட்டது. இவற்றைக் கேள்விப்பட்டிருப்பவர்கள், ஓர் அழைப்பில் ஒரு வண்டி வந்து விலங்கை நிரந்தரமாக எடுத்துச் சென்றுவிடும் என நம்புகிறார்கள். ராமேசுவரத்திலிருந்து மதுரைக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். முறிந்த எலும்போடு ஒரு நாய் அவ்வளவு தூரம் குலுங்கிப் போவதே பெரும் துன்பம். காப்பகங்கள் பெரும்பாலும் நிரம்பி வழிகின்றன; நெரிசலில் பார்வோ போன்ற தொற்றுகள் பரவி, பிழைக்க வந்தவை அங்கே இறப்பதும் உண்டு. நம் பகுதிக்கு உடனடியாகக் கிட்டுவது, 1962 என்ற எண்ணில் அழைக்கக்கூடிய கால்நடை மருத்துவ ஊர்தியும், அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகமும், தம் சொந்தப் பணத்தில் ஓடியாடும் சில இளைஞர்களும்தான். ஓர் அமைப்புக்கு நன்கொடை தருமுன், கருத்தடை செய்ய அதற்கு வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, மருத்துவர் யார், விலங்குகளை எங்கே திரும்ப விடுகிறார்கள் என்று கேளுங்கள். நேர்மையானவர்கள் மகிழ்ந்து விளக்குவார்கள்.

அந்த இளைஞர்களுக்குப் பணத்தைவிட முதலில் தேவைப்படுவது இடம். மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என ஒவ்வோர் ஊரிலும், உள்ளாட்சியோ மீனவர் சங்கமோ பள்ளிவாசல், தேவாலய, கோயில் நிர்வாகமோ ஒரே ஓர் அறையை ஒதுக்கித் தந்தால் போதும். கழுவிவிடக்கூடிய சிமெண்டுத் தரை, கம்பிவலைக் கதவு, நல்ல தண்ணீர், நோயுற்றவற்றைத் தனியே வைக்க ஒரு தடுப்பு, வந்த நாளும் கொடுத்த மருந்தும் எழுதும் ஒரு குறிப்பேடு ஆகியவை இருந்தால், வாரம் ஒரு முறை நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஓர் ஊரில் இடம் பார்த்தாயிற்று. இப்போது அந்த அறைக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்கும் வேலை நடக்கிறது.