ஏர் ஃப்ரையர் வாங்கிவிட்டீர்கள், சரி. உள்ளே என்ன போடுகிறீர்கள்?

போன வாரம் என்னிடம் ஆலோசனைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு ஐம்பத்து மூன்று வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.2 இருந்தது, இப்போது 8.4. மாத்திரையை விடவில்லை, இனிப்பைத் தொடவில்லை, காலையில் நடக்கவும் செய்கிறார். "எண்ணெய்ச் சட்டியையே அடுப்பில் வைக்கிறதில்லை மேடம். ராத்திரிக்கு எல்லாமே ஏர் ஃப்ரையர்தான்" என்று அந்த அம்மா போனை எடுத்துப் படத்தைக் காட்டினார்.

தட்டில் பத்துப் பன்னிரண்டு சிக்கன் நக்கெட்ஸ். பக்கத்தில் குவியலாக உருளைக்கிழங்கு ஃப்ரைஸ். ஒரு கிண்ணம் மயோனைஸ். ஓரத்தில் இரண்டு வட்டம் வெள்ளரிக்காய்.

இந்த மாதத்தில் மட்டும் இது நாலாவது வீடு. தட்டு ஒன்றுதான், ஆட்கள்தான் வேறு. அந்த அம்மா கணவர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் ஆறாயிரம் ரூபாய் செலவு செய்திருக்கிறார். அக்கறையோடு செய்தது தப்பாகப் போகும்போது அதை எடுத்துச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏர் ஃப்ரையர் என்பது மின்விசிறி வைத்த ஒரு சின்ன ஓவன். 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் இந்தப் பெயரில் கொண்டுவந்தது, பிறகு எல்லோரும் செய்தார்கள். சூடான காற்று வேகமாகச் சுற்றி, பண்டத்தின் மேல்பக்கத்தைச் சிவக்க வைக்கிறது. பெயர்தான் ஃப்ரையர், வேலை சுடுவது. சட்டியில் பொரித்தால் பண்டம் குடிக்கும் எண்ணெயை இது மிச்சப்படுத்துகிறது. நல்ல விஷயம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது மிச்சப்படுத்துவது நீங்கள் ஊற்றாத எண்ணெயை மட்டும்தான். பண்டத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் எண்ணெயையும் மாவையும் உப்பையும் அது எடுத்துவிடாது.

இதைப் புரியவைக்கத்தான் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் போகிறது, அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். உறைய வைத்த நக்கெட்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். கோழிக்கு அடுத்து அநேகமாக பிரெட் தூள், மைதா, பாமாயில் என்று வரும். ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே ஒரு முறை எண்ணெயில் முக்கி எடுத்தவை. உறைந்த ஃப்ரைஸும் அப்படித்தான். நீங்கள் காற்றில் செய்வது அதன் இரண்டாவது சமையல். முதல் சமையலை நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து உருளைக்கிழங்கு. 200 கிராம் கிழங்கில் சுமார் 35 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நாலு சின்ன இட்லிக்குக் கிட்டத்தட்டச் சமம். எண்ணெயில் போட்டாலும் காற்றில் சுட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. சர்க்கரை ஏறியதில் பெரும்பங்கு அந்தக் குவியலுக்கும் நக்கெட்ஸின் மேல்மாவுக்கும்தான்.

மயோனைஸ் கிண்ணத்துக்கு வருவோம். ஒரு டேபிள்ஸ்பூன் மயோனைஸில் சுமார் 10 கிராம் கொழுப்பு. அதாவது இரண்டு டீஸ்பூன் எண்ணெய். அந்தக் கிண்ணத்தில் குறைந்தது மூன்று டேபிள்ஸ்பூன் இருந்தது. எண்ணெய்ச் சட்டியை ஒதுக்கிவிட்டு ஆறு டீஸ்பூன் எண்ணெயை வெள்ளை நிறத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது, கிருமி பயத்தால். முட்டை இல்லாத மயோனைஸ் என்றால் கிருமி பயம் குறையும், கொழுப்பு குறையாது.

இதற்கு எதிர்க்கோடியிலும் சிலர் இருக்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய்கூட ஆகாது என்று வெறும் மசாலாவில் கோழி நெஞ்சுக்கறியைப் போட்டு, அது காய்ந்து நார்நாராகிவிட, தொண்டையில் இறங்குவதற்காகச் சாஸ் ஊற்றுவார்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரிதான். அது இருந்தால்தான் மசாலா ஒட்டும், காய் சுருங்கிக் கருகாது, கேரட்டில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேரவும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எண்ணெயைக் கண்டு பயப்படாதீர்கள், அளந்து ஊற்றுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததையே இங்கேயும் தருகிறேன். இரண்டு பேருக்கு.

எலும்பு நீக்கிய, தோல் எடுத்த கோழித் தொடைக்கறி 250 கிராம் வாங்குங்கள். கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். நெஞ்சுக்கறியைவிட இது காயாமல் வேகும். எலுமிச்சை அளவுத் துண்டாக, எல்லாம் ஒரே அளவில் வெட்டச் சொல்லுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் தாராளமாக மிளகு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்துப் பிசறி, மூடி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் பிசறிவிட்டு ஆபீஸ் போகலாம், ஆனால் ஃப்ரிட்ஜில்தான், மேடையில் அல்ல. உப்பு கால் டீஸ்பூன் போதும். கடையில் வாங்கும் சிக்கன் 65 மசாலாவில் ஏற்கெனவே உப்பு இருக்கும், சிலதில் நிறமும் இருக்கும். அதன் மேல் உப்புப் போட்டால் இரத்த அழுத்தக்காரர் வீட்டில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காய் 400 கிராம். கறியைவிடக் காய் அதிகம் என்பதை மறக்க வேண்டாம், இந்தச் சாப்பாட்டின் உயிரே அதுதான். காலிஃப்ளவரை மஞ்சள் போட்ட வெந்நீரில் வைத்தெடுத்தபின் துணியில் நன்றாகத் துடையுங்கள். ஈரத்தோடு போட்டால் அவிந்து சொதசொதவென்று ஆகிவிடும். கேரட், பீன்ஸ், குடைமிளகாய், உரித்த சின்ன வெங்காயம். எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு டீஸ்பூன் எண்ணெய், கைகளால் தடவுங்கள். 180 டிகிரியில் முதலில் கறியும் கேரட்டும் காலிஃப்ளவரும். எட்டு நிமிடம் கழித்துக் கூடையை வெளியே இழுத்துக் குலுக்கி, மற்ற காய்களைப் போட்டு இன்னும் எட்டு நிமிடம். அந்தச் சின்ன வெங்காயம் ஓரம் கருகி உள்ளே அல்வாபோல இளகியிருக்கும். அதைச் சாப்பிட்டுப் பார்த்தபின் யாரும் மயோனைஸ் கேட்டதில்லை. மேலே எலுமிச்சை பிழியுங்கள். கூட ஒரு தோசையோ சின்னக் கிண்ணம் சோறோ வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைச் சுத்தமாக விட்டுவிட்டுத் தூங்கப் போகவே கூடாது, இரவில் சர்க்கரை இறங்கிவிடலாம்.

கூடையை நிரப்பி அமுக்காதீர்கள். ஒரே அடுக்காக, காற்று போக வழி விட்டு வையுங்கள். கூடை சின்னது என்றால் இரண்டு தடவை செய்யுங்கள். மேலே சிவந்துவிட்டது என்று எடுத்து, எலும்பு ஓரம் பச்சையாக இருந்த லெக் பீஸைச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கில் வந்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன், பாட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றும் அளவுக்கு ஆகிவிட்டது. கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி தொட வேண்டும். அந்தச் சூட்டில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி உடனே சாகும். சில நூறு ரூபாயில் சமையல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. ஆறாயிரம் ரூபாய் மெஷின் வாங்கியவர்கள் தயவுசெய்து இதையும் வாங்குங்கள். அது வரும்வரை, பெரிய துண்டை நடுவில் வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் மறுபடி உள்ளே.

கறியைக் குழாயடியில் பிடித்து அலசுவதை விடுங்கள் என்று சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. தண்ணீரில் கிருமி போகாது, தெறிக்கத்தான் செய்யும். பக்கத்தில் வடிய வைத்திருக்கும் தட்டு, டம்ளர், நறுக்கிய வெள்ளரி எல்லாவற்றின் மேலும். அலசாமல் மனசு கேட்காது என்றால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாகக் கழுவி, நீரைத் தெறிக்காமல் ஊற்றி, சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். கையையும்தான்.

அப்புறம் சின்ன விஷயங்கள். இந்த மெஷின்கள் அநேகமாக 1400, 1500 வாட். மிக்ஸி செருகும் சின்னப் பிளக்பாயின்டும் எக்ஸ்டென்ஷன் போர்டும் இதற்குத் தாங்காது, கீசர் போடுகிற 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். மேலே எதுவும் இல்லாமல் பேக்கிங் தாளை மட்டும் போட்டுச் சூடேற்றினால் அது பறந்துபோய்ச் சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருக்கிறது, சிறுநீரகத்துக்குச் சிகிச்சை நடக்கிறது என்றால், மேலே சொன்ன அளவை அவர்களுக்கு அப்படியே வைத்துவிடாதீர்கள். கறி எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள். காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கச் சொல்லியிருப்பார்கள், பொட்டாசியம் குறைவதற்காக. ஏர் ஃப்ரையரில் அந்தப் பொட்டாசியம் முழுவதும் காயிலேயே இருக்கும். அவர்களுடைய பங்கை மட்டும் முதலில் வேகவைத்து, நீரை வடித்து, துடைத்து, கடைசி ஐந்து நிமிடம் கூடையில் போட்டு எடுங்கள்.