ஷை டிஸ்டன்ஸ்: தமிழில் விலகு தொலைவு

சாலையோரம் மரமோ மின்கம்பமோ பாலத்தின் கைப்பிடிச்சுவரோ நெருக்கமாக நின்றால், ஓட்டுநர் அதைவிட்டுச் சற்றுத் தள்ளி வண்டியைச் செலுத்துவார். அல்லது வேகத்தைக் குறைப்பார். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகத் திருப்பிவிடும். இப்படி ஒரு பொருள் ஓட்டுநரைப் பாதிக்காமல் இருக்க, வண்டி ஓடும் பாதையின் விளிம்பிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்க வேண்டுமோ, அந்த இடைவெளிதான் 'ஷை டிஸ்டன்ஸ்'.

வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் வழிகாட்டி 50 கி.மீ. வேகத்துக்கு 1.1 மீட்டர், 80-க்கு 2 மீட்டர், 110-க்கு 2.8 மீட்டர் என்கிறது.

ஈரோடு மாவட்டத்தில் கோபி, சத்தி பக்கம் கீழ்பவானி வாய்க்காலின் குறுகிய பாலங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அதுவரை இடது ஓரமாக வந்த பஸ், கைப்பிடிச்சுவர் தெரிந்ததுமே நடுரோட்டுக்கு நகரும். இருவழிச் சாலையில் ஒரு வழியின் அகலம் 3.5 மீட்டர், பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர் வரை. தன் வழியின் நடுவாகப் போனாலும் பக்கத்துக்குச் சுமார் ஒன்றரை அடிதான் மிச்சம். அரை மீட்டர் விலகினாலே நடுக்கோடு தாண்டிவிடும். எதிரே வருகிறவரும் தன் பக்கச் சுவரைப் பார்த்து அதையே செய்கிறார்! ஆகவே ஓரத்துச் சுவரை யாரும் தொடாமலேயே அது விபத்துக்குக் காரணமாகலாம். நம் பழைய புளியமரச் சாலைகளிலும் இதே கதைதான்.

நீளமான இரும்புத் தடுப்பு இவ்வளவு தொந்தரவு செய்யாது. தொடக்கத்தில் தள்ளி ஆரம்பித்து மெல்ல மெல்லச் சாலையை நெருங்கினால் ஓட்டுநர் பழகிவிடுவார். திடீரென்று முளைக்கும் முனைதான் ஆளை விலக வைக்கிறது.

சரி, 'ஷை' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் கூச்சத்துக்கும் அதே சொல்தான். ஆனால் குதிரை எதையாவது கண்டு மிரண்டு பக்கவாட்டில் விலகுவதையும் அந்தச் சொல்லாலேயே சொல்வார்கள். இங்கே பொருந்துவது அதுதான். வேலியில் காயும் வேட்டி காற்றில் படபடத்தால் வண்டியில் பூட்டிய காங்கேயம் காளை மறுபக்கம் இழுக்குமே, அந்த மிரட்சி. ஆகவே 'கூச்ச தூரம்' என்று பெயர்ப்பது தவறு.

'மிரள் தொலைவு' மூலத்துக்கு நெருக்கம். ஆனாலும் ஓட்டுநர் உண்மையில் பயப்படுவதில்லை என்பதால் எனக்கு நிறைவில்லை. 'ஒதுங்கு தொலைவு' இன்னும் சிக்கல்: 'ஓரமா ஒதுங்கு' என்றால் நம் ஊரில் சாலையின் ஓரத்துக்குப் போ என்றுதான் அர்த்தம், இங்கே நடப்பதோ நேர் எதிர். 'வெலகிப் போ' என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தப் பக்கம் என்று அது கட்டிப்போடுவதில்லை. அதனால் 'விலகு தொலைவு' என்பதே பொருத்தம் என்பேன்.

கட்டுப்பாடிழந்து ஓரத்தில் இறங்கும் வண்டிக்காக விடும் வெற்றிடம் வேறு. அது மோதலைத் தவிர்க்க. விலகு தொலைவு, சாலையிலேயே ஒழுங்காக ஓடும் வண்டிக்கானது. இந்திய சாலை விதிநூல்களில் வரும் 'கெர்ப் ஷைனஸ்' இதன் உறவுதான்: ஓரக்கல்லை ஒட்டிப் போக ஓட்டுநர் தயங்குவதால் பாதையைக் கொஞ்சம் அகலப்படுத்துவது. அதை 'ஓரக்கல் விலகல்' எனலாம்.