ப்ளஸ் ஒன்னில் விட்டுப்போகும் வேதியியல்

கொதிக்கிற தண்ணீரில் மேலே வரும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? ப்ளஸ் ஒன் சேரும் மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே நான் கேட்கும் கேள்வி இது. பத்தாம் வகுப்பு அறிவியலில் தொண்ணூறைத் தாண்டிய பிள்ளைகள்கூட 'காற்று' என்பார்கள். சிலர் 'ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சார்' என்பார்கள். 'நீராவி' என்ற பதில் தயங்கித் தயங்கித்தான் வரும். ஆனால் நீரின் மூலக்கூறு வாய்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்த வாய்பாடும் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரும் அவர்கள் மனத்தில் இன்னும் ஒன்றுசேரவில்லை.

தண்ணீர் கொதிக்கும்போது மூலக்கூறு உடைவதில்லை. ஒரு மூலக்கூறை இன்னொன்று இழுத்துப் பிடித்திருக்கும் பிடிதான் விடுபடுகிறது. ஒரு மோல் தண்ணீரை, அதாவது 18 கிராமை, 100 டிகிரி செல்சியஸில் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் போதும். அதே ஒரு மோலில் உள்ள ஹைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்புகள் எல்லாவற்றையும் உடைக்க 920 கிலோஜூலுக்கு மேல் தேவை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். 'அப்போ அடுப்புல தண்ணி உடையவே உடையாதா சார்?' என்று கேட்கிற பிள்ளை வேதியியலுக்குள் வந்துவிட்டது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஜான்ஸ்டோன் இந்தச் சிக்கலை நன்றாக விளக்கியிருக்கிறார். வேதியியல் மூன்று தளங்களில் நடக்கிறது என்றார் அவர். கண்ணால் பார்ப்பது ஒன்று: நிறம் மாறுவது, வீழ்படிவு வருவது, குமிழி வருவது. கண்ணுக்குத் தெரியாத அணு, மூலக்கூறு, அயனிகளின் தளம் இன்னொன்று. குறியீடும் சமன்பாடும் கணக்கும் மூன்றாவது. வேதியியல் தெரிந்தவர் இந்த மூன்றுக்கும் நடுவே யோசிக்காமலே போய்வருவார். புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு அப்படி முடியாது. நம் வகுப்புகளிலோ பெரும்பாலும் மூன்றாவது தளம் மட்டும்தான் நடக்கிறது. தேர்வும் அதைத்தான் அதிகம் கேட்கிறது. அதனால் நடுவில் உள்ள அணுக்களின் தளம் காலியாகவே கிடக்கிறது.

இந்த வெற்றிடம் முதலில் தெரிவது மோல் பாடத்தில். என் கணிப்பில், ப்ளஸ் டூவில் வேதியியல் கணக்கு வராமல் தடுமாறும் மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் வராதது மோல்தான். டஜன் என்றால் 12, அதுபோல மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள் என்று சொல்லித்தான் எல்லோரும் தொடங்குகிறோம். ஒரு டஜன் எலுமிச்சையும் ஒரு டஜன் பலாப்பழமும் எண்ணிக்கையில் ஒன்று, எடையில் வேறு. சரி, தொடக்கத்துக்கு நல்ல உதாரணம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் அடுத்த கேள்விக்கு விடை இல்லை: எதற்காக 6.022 × 10²³ என்று இப்படி ஒரு விசித்திரமான எண்? அணுவை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, எடை போட மட்டும்தான் முடியும். அணு நிறை அட்டவணையில் இருக்கும் எண்ணை அப்படியே கிராமில் எடுத்தால் எல்லாத் தனிமத்திலும் ஒரே எண்ணிக்கையில் அணுக்கள் கிடைக்க வேண்டும். 12 கிராம் கார்பன், 23 கிராம் சோடியம், 56 கிராம் இரும்பு, மூன்றிலும் அணுக்கள் சம எண்ணிக்கையில் இருக்கும். தராசு காட்டும் எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போகும் வழி அதுதான். 2019 மே 20 முதல் இந்த எண் 6.02214076 × 10²³ என்று துல்லியமாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. கார்பன்-12ஐ வைத்துச் சொல்லும் பழைய வரையறை இன்னும் பல கைடுகளில் இருக்கிறது. கணக்கு மாறாது, வரையறைதான் மாறியிருக்கிறது.

பிள்ளைகள் இதில் தடுமாறுவது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. நீர் என்பது ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றுதான் டால்டனே எடுத்துக்கொண்டார். சம பருமனுள்ள வாயுக்களில், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று அவகாட்ரோ 1811ல் சொன்னார். 1860ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த மாநாட்டில் கனிசாரோ அதை எடுத்து விளக்கிய பிறகுதான் வேதியியலாளர்கள் அதன் பக்கம் திரும்பினார்கள். உலகத்தின் தேர்ந்த மூளைகளுக்கே அரை நூற்றாண்டு பிடித்த கருத்தை நாம் ஜூன் மாதத்தில் சில பாடவேளைகளில் முடித்துவிடுகிறோம்.

வேகமாக முடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. '18 கிராம் தண்ணீரின் பருமன் என்ன?' என்று கேட்டால் உடனே 22.4 லிட்டர் என்று விடை வரும். 'ஒரு மோல்னா 22.4 லிட்டர்தானே சார்?' 18 கிராம் தண்ணீர் 18 மில்லிலிட்டர்தான். ஒரே மடக்கில் குடித்துவிடலாம். 22.4 லிட்டர் என்பது வாயுவுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரி செல்சியஸிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும். அழுத்தத்தை 1 பார் என்று எடுத்தால் அது 22.7 லிட்டர். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்ட பிள்ளைக்கு, ஒரு பெரிய தண்ணீர் கேன் அளவுக்கு விடை வந்தும் சந்தேகமே வருவதில்லை.

இன்னொரு கணக்கு. 10 கிராம் ஹைட்ரஜனும் 10 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு நீர் கிடைக்கும்? 20 கிராம் என்பதுதான் முதலில் வரும் விடை. நிறை அழியாது என்று படித்திருக்கிறோமே என்று காரணமும் சொல்வார்கள். 10 கிராம் ஹைட்ரஜன் 5 மோல்; 10 கிராம் ஆக்சிஜன் 0.3125 மோல்தான். இருக்கிற ஆக்சிஜனுக்கு 1.25 கிராம் ஹைட்ரஜனே போதும். 11.25 கிராம் நீர் வரும், 8.75 கிராம் ஹைட்ரஜன் அப்படியே மிச்சம் நிற்கும். மொத்த நிறை 20 கிராம், அதில் குறை ஒன்றும் இல்லை. முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்தும் பொருளை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்வதைவிட, ஆறு மூலக்கூறுகளைத் தாளில் வட்டங்களாக வரைந்து எது தீர்ந்துபோகிறது என்று பார்ப்பது எவ்வளவோ மேல். வரையச் சொன்னால் பெரிய பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். பரவாயில்லை, வரையச் சொல்லுங்கள்.

மோல் தெளிவானால் பின்னால் பல கதவுகள் தானாகத் திறக்கும். மின்வேதியியலில் வரும் 96,500 கூலூம் என்பது தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய எண் அல்ல; ஒரு மோல் எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம் அது. ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அவகாட்ரோ எண்ணால், அதாவது அந்த 6.022 × 10²³ஆல், பெருக்கிப் பாருங்கள், வரும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ப்ளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு ஆண்டும் ப்ளஸ் டூ பாடத்தையே ஓட்டும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு இல்லை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளின் மேல் ஒரு பொதுத்தேர்வின் பாரம் குறைந்தது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் பழைய வழக்கம் திரும்பினால் இழப்பு பிள்ளைக்குத்தான். மோல், வெப்ப இயக்கவியல், சமநிலை, வேதிப்பிணைப்பு எல்லாம் ப்ளஸ் ஒன்னில் இருக்கின்றன. ப்ளஸ் டூவின் அயனிச் சமநிலை, வேதிவினை வேகவியல், மின்வேதியியல் மூன்றும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. நீட் தேர்விலும் வேதியியலின் 45 கேள்விகளும் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வருகின்றன. உங்கள் பிள்ளையின் ப்ளஸ் ஒன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஆகஸ்ட் மாதத்திலேயே ப்ளஸ் டூ பாடம் தெரிந்தால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடமும் நிலைத்து நிற்கும் ஒரு தவறு உண்டு: பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்பது. செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறில் உயர் ஆற்றல் பிணைப்பு இருக்கிறது, அது உடைந்தால் ஆற்றல் கிடைக்கிறது என்று உயிரியலில் படித்துவிட்டு வருகிறார்கள். எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் கொடுத்துத்தான் ஆக வேண்டும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். அம்மோனியா தயாரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க 945 கிலோஜூல், மூன்று மோல் ஹைட்ரஜனுக்கு 3 × 436, ஆக மொத்தம் 2,253 கிலோஜூல் செலவு. இரண்டு மோல் அம்மோனியாவில் உருவாகும் நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் ஆறு மோல். ஒன்றுக்கு 391 வீதம் 2,346 கிலோஜூல் வரவு. வித்தியாசம் 93. சோதனையில் அளந்த மதிப்பும் ஏறத்தாழ 92 கிலோஜூல்தான். ஏடிபியிலும் இதே கதை: புதிதாக உருவாகும் பொருள்கள் நிலைப்புத்தன்மை கூடியவை, அதனால் மொத்தக் கணக்கில் ஆற்றல் மிஞ்சுகிறது. உயிரியல் ஆசிரியரும் வேதியியல் ஆசிரியரும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் இந்தக் குழப்பம் அந்தப் பள்ளியில் தீர்ந்துவிடும்.

அதே அம்மோனியா வினை சமநிலைக்கும் உதவும். சமநிலை வந்ததும் வினை நின்றுவிடுகிறது, இருபுறமும் செறிவு சமமாகிவிடுகிறது என்ற இரண்டு எண்ணங்களும் தவறு. சமமாவது முன்னோக்கு, பின்னோக்கு வினைகளின் வேகம் மட்டுமே. மூலக்கூறுகள் உருவாவதும் உடைவதும் நடந்துகொண்டேதான் இருக்கும். லெட் அயோடைடின் தெவிட்டிய கரைசலில் கதிரியக்க அயோடின் கொண்ட திண்ம லெட் அயோடைடைப் போட்டால், சிறிது நேரத்தில் கரைசலிலும் கதிரியக்கம் தெரியும். இனிமேல் கரையாது என்று நாம் முடிவு கட்டிய கரைசலில் கரைவதும் படிவதும் ஓயவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வெப்பத்தை வெளிவிடும் வெப்ப உமிழ் வினைக்குக் குறைந்த வெப்பநிலைதானே சாதகம், பிறகு ஏன் அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறையில் 400 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளைக்குச் சமநிலையும் வினைவேகமும் வேறு வேறு என்பது புரிந்திருக்கிறது. குளிர்ந்த நிலையில் விளைச்சல் அதிகம், ஆனால் அது வந்து சேர யுகமாகும். வினைவேகமாற்றி வேகத்தைக் கூட்டும், சமநிலை இருக்கும் இடத்தை நகர்த்தாது.

அமிலத்தில் ஒரு கேள்வி. 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லி, அதே செறிவில் அசிட்டிக் அமிலம் 20 மில்லி. இரண்டையும் நடுநிலையாக்க எதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு குறைவாகத் தேவைப்படும்? வலிமை குறைந்த அமிலத்துக்கு என்று வகுப்பே சொல்லும். இரண்டுக்கும் ஒரே அளவுதான். அசிட்டிக் அமிலத்தில் பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனி குறைவு. ஆனால் காரம் அதை எடுக்க எடுக்கச் சமநிலை நகர்ந்து மீதியும் பிரிந்துகொண்டே வரும். வலிமை வேறு, செறிவு வேறு. 1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பிஹெச் ஏறத்தாழ 2.4, 0.001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் 3. பிஹெச் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். வலிமை குறைந்தது என்று பெயர் வாங்கிய அமிலம் இங்கே அமிலத்தன்மையில் முந்திவிடுகிறது.

செய்முறை வகுப்பைக் கணக்குக்கு ஓய்வு கொடுக்கும் நேரமாகப் பார்க்காதீர்கள். பெர்மாங்கனேட் தரம் பார்த்தலில் சமான நிறை (ஒரு மோல் எலக்ட்ரான்களை வாங்கும் நிறை) 31.6 என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு மோலின் நிறையான 158ஐ ஏன் 5ஆல் வகுக்கிறோம் என்று கேட்டால் அமைதி. அமிலக் கரைசலில் மாங்கனீசு ஆக்சிஜனேற்ற எண் +7லிருந்து +2க்கு வருகிறது, ஐந்து எலக்ட்ரான்களை வாங்குகிறது. நீர்த்த கந்தக அமிலம் போதாமல் போனால் அது +4ல் நின்று பழுப்பாகத் தெரியும். அப்போது வாங்கியது மூன்றுதான், 31.6 என்ற எண்ணே பொருந்தாது. கூம்புக் குடுவையில் பழுப்பு தெரிந்தால் வெறுமனே 'ரீடிங் போச்சு' என்று வருத்தப்படாமல், எலக்ட்ரான் கணக்கு எங்கே மாறியது என்று அந்த இடத்திலேயே யோசிக்க வைக்கலாம்.

மாணவர்களுக்கு: ஒரு பாடம் முடிந்ததும் எண்களே இல்லாத ஒரு கேள்வியை நீங்களே உருவாக்கி விடை எழுதிப் பாருங்கள். 'இந்தக் குடுவைக்குள் இப்போது எந்தெந்தத் துகள்கள் இருக்கின்றன?' என்பது எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். உப்புக் கரைசலுக்குச் சோடியம் அயனி, குளோரைடு அயனி, நீர் மூலக்கூறு என்று படம் வரைய முடிகிறதா? அசிட்டிக் அமிலத்துக்கு வரையும்போது பெரும்பாலான மூலக்கூறுகளைப் பிரியாமல் வைத்தீர்களா? வரைய முடியாமல் கை நின்றால் ப்ளஸ் ஒன் புத்தகத்தின் முதல் பாடத்துக்குத் திரும்புங்கள். ப்ளஸ் டூவில் இருப்பவர்கள் காலாண்டுத் தேர்வுக்கு முன் இதைச் செய்துவிட்டால் அயனிச் சமநிலைக்கும் மின்வேதியியலுக்கும் போதிய நேரம் கிடைக்கும்.